சாட்சிகள் போன பிறகு யாரைக் கேட்பது?

சயாம் ரயில் பாதைக்குப் பதினாறு வயதில் இழுத்துச் செல்லப்பட்ட தோட்டத்துப் பையன் ஒருவர் இன்று உயிரோடு இருந்தால், அவருக்கு வயது நூறை நெருங்கியிருக்கும். அவசரகாலத்தில், பால்வெட்டுக்குப் போகும் தாயின் தூக்குவாளியைத் தோட்டத்து வாசலில் காவலுக்கு நின்றவன் திறந்து பார்த்ததைக் கண்ட சிறுமி எண்பதைத் தாண்டியிருப்பார். 1974 டிசம்பரில் கோலாலம்பூர்த் திடலில் கண்ணீர்ப்புகைக்குள் நின்ற மாணவர்கள் எழுபதுகளில் இருக்கிறார்கள். கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் போரை உடம்பால் அறிந்தவர்களும், போருக்கும் பசிக்கும் எதிராகப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து குரல் கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்து இதைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்குக் கேட்க ஆள் இருக்காது. இதை அபாய அறிவிப்பாகவே எழுதுகிறோம்.

தோட்டத்து நினைவையும் வளாகத்து நினைவையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறீர்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த நாட்டில் அவை ஒரே ஏட்டில் தொடங்கின என்பதுதான் எங்கள் பதில்.

1954 மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. அதே நாட்களில், அப்போது சிங்கப்பூரில் இயங்கிவந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் சோஷலிஸ்ட் கழக மாணவர்கள் தங்கள் ‘ஃபஜார்’ ஏட்டில் ஒரு தலையங்கம் வெளியிட்டார்கள். தலைப்பு, ‘ஆசியாவில் ஆக்கிரமிப்பு’. தென்கிழக்காசியாவில் ஒரு ராணுவக் கூட்டணியைக் கட்ட வல்லரசுகள் முயன்றுகொண்டிருந்த நேரம் அது. ஆசிய மக்கள் விடுதலை கேட்கும்போது அவர்கள்மீது படையை ஏவுவதை அந்தத் தலையங்கம் கண்டித்தது. மே 13 அன்று, கட்டாய ராணுவப் பதிவை எதிர்த்துச் சிங்கப்பூரின் சீனப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கிப் போலீஸாரிடம் அடிபட்டார்கள். மே 28 அன்று ஃபஜார் குழுவைச் சேர்ந்த எட்டு மாணவர்கள் தேச நிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார்கள்.

அந்த எட்டுப் பேரின் பெயர்களை நம் பிள்ளைகள் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, தாமஸ் வர்க்கி, எட்வின் தம்பு, போ சூ காய், லாம் குவான் கிட், குவா பூ சன். தமிழரும் மலையாளிகளும் சீனரும் ஒரே குற்றப்பத்திரிகையில் நின்றார்கள். லண்டனிலிருந்து வந்த வழக்கறிஞர் டி.என். பிரிட் அவர்களுக்காக வாதாடினார். அவருக்குத் துணை நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஆகஸ்டு 25 அன்று, எதிர்வாதத்தை அழைக்காமலே நீதிமன்றம் எட்டுப் பேரையும் விடுவித்தது. தலையங்கம் எழுதியதற்காக மாணவர்கள் கூண்டில் ஏறியதை இன்னொரு தலையங்கத்தில் பதிவு செய்யும்போது எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு கடன் உணர்வு எழத்தான் செய்கிறது.

இவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் புத்தகத்தில் படித்துப் போரை வெறுத்தவர் அல்லர். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால் போர்முனைவரை போய் வந்தவர். ஃபஜார் வழக்கில் தப்பியவரைச் சில ஆண்டுகளில் காலனி அரசு விசாரணையின்றிச் சிறையில் போட்டது. சாங்கி சிறையில் உட்கார்ந்து அவர் எழுதியதுதான் 1960இல் வெளிவந்த, மலாயாப் பொருளாதாரத்தின் உடைமையையும் கட்டுப்பாட்டையும் ஆராய்ந்த நூல். ஏஜென்சி ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் எத்தனை தோட்டக் கம்பெனிகளைத் தங்கள் பிடியில் வைத்திருந்தன, ஒரே இயக்குநர்கள் எப்படிப் பல கம்பெனி மேசைகளில் மாறி மாறி உட்கார்ந்தார்கள் என்பதை அவர் ஆவணம் ஆவணமாக எடுத்துக் காட்டினார். ஃபஜார் வழக்கில் கூண்டில் நின்ற மாணவன் அடுத்துப் பார்த்தது பால்மரக் காட்டின் கணக்குப் புத்தகத்தை. பெரட்டுக் களத்தில் காலை இருட்டில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்பு எந்த வழியாக லண்டன் போனது என்று அவரைப்போல் விளக்கியவர்கள் அன்று வெகு சிலர். கோல சிலாங்கூரில் பால்வெட்டிய எத்தனை குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பொருளாதாரம் படிக்கிறார்கள்! அவர்களில் எத்தனை பேருக்கு இந்த நூலை ஆசிரியர்கள் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்?

போர் நம் தோட்டங்களுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது ஜப்பான்காரனோடுதான் வந்தது என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு முன்பே வந்துவிட்டது. 1941இல் ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டனுக்கு மலாயா ரப்பர் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். மே மாதம் அவர்களின் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார். போராட்டம் பரவியது, ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போர்க்கால உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பிறகு ஜப்பான்காரனின் சயாம் ரயில். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குத் தனித்தனிக் கல்லறை இருக்கிறது, புல்தரை அழகாக வெட்டப்பட்டிருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகக் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைக் கல்லறைகள் இல்லை. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலையும் அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலையும் எழுதியிராவிட்டால் நம் மொழியில் அந்தச் சாவுகளுக்கு இடமே கிடைத்திருக்குமா என்று அஞ்சுகிறோம். அரசுகளும் பல்கலைக்கழகங்களும் செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு எழுத்தாளர்கள் தோளில் சுமந்தார்கள்.

அடுத்தது 1948 ஜூனில் அறிவிக்கப்பட்டு 1960 ஜூலையில் முடிந்த அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று தொழிலாளி மதியத்துக்குக் கட்டிய சோற்றையே தோட்டத்து வாசலில் தடுத்த காலம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949இல் ரவாங் அருகே பிடிபட்டு, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அதே வட சிலாங்கூரில், பத்தாங் காலிக்கு அருகே சுங்கை ரெமோக் தோட்டம். 1948 டிசம்பர் 11 மாலை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப் பிரிவு ஒன்று அங்கே நுழைந்தது. மறுநாளுக்குள் 24 பேர் பிணமாகிவிட்டார்கள். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. சீனப் பால்வெட்டுத் தொழிலாளர்கள், நம் மக்கள் பிடித்த அதே உளியைப் பிடித்தவர்கள். தப்பி ஓடியபோது சுடப்பட்டார்கள் என்று அரசு சொன்னது. 1970இல் அந்தப் படைவீரர்களில் சிலரே லண்டன் பத்திரிகையில் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். விசாரணை தொடங்கியது, ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்வரை போயின. 2015 நவம்பர் 25 அன்று, பொது விசாரணை நடத்தும் கடமை பிரிட்டிஷ் அரசுக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. சம்பவம் நடந்து மிக நீண்ட காலம் ஆகிவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பில் பெரிய காரணம். அதிகாரம் நாட்களைக் கடத்திக்கொண்டே போய், கடைசியில் கடந்த நாட்களையே காரணமாகக் காட்டும். சுங்கை ரெமோக் குடும்பங்களுக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று எந்த நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறோம்?

போரை எதிர்த்த குரல்களும் ஓயவில்லை. 1966 அக்டோபர் இறுதியில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் கோலாலம்பூர் வந்தார். வியட்நாம் போரை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். நெகிரி செம்பிலானில் ஒரு ஃபெல்டா குடியேற்றம் இன்றும் ஜான்சன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபஜார் எட்டுப் பேரில் ஒருவரான டாக்டர் ராஜகுமார் அப்போது தொழிற்கட்சியின் தலைவர்களில் ஒருவர், அந்த ஆண்டே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை புகுந்தார். பின்னாளில் உலகக் குடும்ப மருத்துவர்கள் சங்கத்துக்கே தலைவரான மனிதர் அவர். எந்த வளாகத்தில் எந்தக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தோம் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

1974இல் ரப்பர் விலை விழுந்தது, அரிசி விலை ஏறியது. நவம்பரில் பாலிங்கில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். டிசம்பர் 3 அன்று கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காகத் தெருவுக்கு வந்தார்கள். கண்ணீர்ப்புகை பள்ளிவாசல்வரை துரத்தியது. 1,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் கைதானார்கள். பேராசிரியர் சையத் ஹூசின் அலியும் அன்வார் இப்ராகிமும் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். அது போர் எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் அல்ல, பசிக்கு எதிரான ஆர்ப்பாட்டம். ஆனால் ஃபஜார் காலத்திலிருந்து வந்த அதே மரபு அது. பால்மரத்தை நம்பிய குடும்பத்தின் அடுப்பு ஏன் எரியவில்லை என்று வளாகம் கேட்ட கேள்வி. அதற்குப் பதிலாக வந்தது சட்டம். 1971இல் கொண்டுவரப்பட்ட பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் 1975இல் இறுக்கப்பட்டது. மாணவர் சங்கத்தின் கையிலிருந்த பணமும் அதிகாரமும் பிடுங்கப்பட்டன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் எவரும் ஏறிப் பேசக்கூடிய இடமாக இருந்த பேச்சுத் திடல் பல்லாண்டு ஊமையானது.

ஒரு தலைமுறை மாணவர்கள் பேசாமல் இருக்கக் கற்றால், அடுத்த தலைமுறைக்கு முன்னவர்கள் பேசினார்கள் என்பதே தெரியாமல் போகும். நம் வீடுகளில் இது நடந்துவிட்டது. தோட்டத்திலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு நாம் சொல்லி அனுப்புவது என்ன? ‘அய்யா, அங்க போயி எந்த வம்புலயும் மாட்டிக்காத, படிச்சிட்டு வா.’ அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. லயத்து வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்து பார்த்த மக்களின் பயம் அது. ஆனால் அந்தப் பயத்தின் வயது ஐம்பது, அதை விதைத்தது ஒரு சட்டம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவதைத்தான் குறை சொல்கிறோம்.

2010 ஏப்ரலில் அந்தச் சட்டம் நம் ஊருக்கே வந்தது. உலு சிலாங்கூர் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நேரத்தில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர்மீது, பிரசாரத்தில் இருந்தார்கள் என்று ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அரசியல் படிக்கும் பிள்ளைகள் தேர்தலைப் பார்க்க வந்ததற்கு! நால்வரும் பணியவில்லை, வழக்குப் போட்டார்கள். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர்கள்மீது ஏவப்பட்ட அந்தப் பிரிவு கூட்டரசு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே சட்டம் படிப்படியாகத் தளர்ந்தது, ஆனாலும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கெர்லிங்கிலும் பத்தாங் காலியிலும் கலும்பாங்கிலும் அந்தத் தேர்தலில் வாக்களித்த நம் மக்களுக்கு, தங்கள் தொகுதியை ஒட்டி எழுந்த வழக்குதான் நாட்டு மாணவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்தது என்று தெரியுமா?

இப்போது காஸாவுக்காக மாணவர்கள் குரல் எழுப்புகிறார்கள். எழுப்பட்டும், முழு மனதோடு வாழ்த்துகிறோம். ஆனால் ஆள்வோரும் மாணவரும் ஒரே பக்கம் நிற்கும்போது கொடுக்கப்படும் அனுமதியை உரிமை என்று எண்ணி ஏமாறக் கூடாது. 1954இல் மாணவர்கள் ஆட்சியாளருக்குப் பிடிக்காத போரைக் கண்டிக்கவில்லை, ஆட்சியாளரே நடத்திய போரைக் கண்டித்தார்கள். வளாகம் நினைவில் வைக்க வேண்டியது அந்தத் துணிச்சலை.

நினைவை அழிக்க ஒரு இரவு போதும் என்பதை யாழ்ப்பாணம் நமக்குக் காட்டியது. 2021 ஜனவரி 8 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இயந்திரம் வைத்து இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் திரண்டார்கள், உண்ணாநோன்பு இருந்தார்கள். மூன்று நாளில் துணைவேந்தரே வந்து மறுபடியும் அடிக்கல் நாட்டினார், சில மாதங்களில் தூண் எழுந்தது. அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட்டில் 1970 மே 4 அன்று, போர் எதிர்ப்புக் கூட்டத்தின்மீது தேசியக் காவல் படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அந்த இடத்தின் ஒரு பகுதியில் உடற்பயிற்சிக் கூடம் கட்ட 1977இல் நிர்வாகம் முனைந்தபோது மாணவர்கள் கூடாரம் அடித்துத் தடுக்க முயன்றார்கள். கூடம் கட்டப்பட்டுவிட்டது. ஆனாலும் விடாமல் கேட்டுக் கேட்டு, 1990இல் நினைவுச் சின்னமும், பின்னர் நால்வரும் விழுந்த கார் நிறுத்துமிடங்களில் தனித்தனி அடையாளங்களும் வந்தன. இரண்டு இடத்திலும் நினைவைக் காத்தவர்கள் மாணவர்கள். நிர்வாகங்கள் பின்னால் வந்தன.

நம்மிடம் இடிக்கத் தூணே இல்லை. இடிபடுவது லயங்கள்தான். பால்மரம் செம்பனை ஆனது, செம்பனை தாமான் ஆகிறது. கோலாலம்பூரின் குப்பை வந்து சேரும் புக்கிட் தாகார் பக்கத்தில் நைஜல் கார்டனர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்த கதை நாடறிந்தது. வீட்டுக்காகப் போராடும் மக்களிடம் போய் ‘உங்கள் தாத்தா சயாம் போன கதையைச் சொல்லுங்கள்’ என்று கேட்கவும் நமக்கு நா எழவில்லை, நேரமும் ஒதுக்கவில்லை. தோட்டம் கலைந்தபோது அண்டை வீட்டார் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுக்கும் அந்தத் திண்ணைப் பேச்சும் அதோடு போயிற்று.

ஆகவே கேட்கிறோம். பெஸ்தாரி ஜெயாவில், பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், தோட்டங்களுக்கு நடுவே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அது மாநில அரசின் பல்கலைக்கழகம். சுற்றியிருக்கும் மண்ணின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பை மாநில அரசு அதற்குத் தர வேண்டும், பணமும் தர வேண்டும். வட எல்லையைத் தாண்டினால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். அங்கே தமிழ் படிக்கும் வருங்கால ஆசிரியர்கள் பயிற்சிக் காலத்தில் ஆளுக்கொரு முதியவரைச் சந்தித்துப் பதிவு செய்தால், ஓர் ஆண்டில் எத்தனை குரல்கள் சேரும்! 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை இந்தப் பதிவுகளைக் காத்து வைக்க முன்வர வேண்டும். சீனக் குடும்பங்களின் பத்தாங் காலி நினைவும் அதே பேழையில் இருக்க வேண்டும். ஃபஜார் வழக்கில் நிற்காத இன வேலி நினைவில் மட்டும் எதற்கு?

மலாயாப் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். புது மாணவர்களின் அறிமுக வாரத்தில் நூலகம் எங்கே, உணவகம் எங்கே என்று காட்டுவதோடு, 1954 மே 28ஐயும் 1974 டிசம்பர் 3ஐயும் சொல்லிக் கொடுங்கள். கைதான மாணவர்களின் பெயர்களை வளாகத்தில், எவரும் நடந்துபோகும் பாதையில் பொறியுங்கள். அந்தக் கைதுகள் பற்றிய போலீஸ், பல்கலைக்கழக ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். அன்று கமுந்திங் தடுப்புமுகாமில் அடைக்கப்பட்ட அன்வார் இப்ராகிம் 2022 நவம்பர் முதல் இந்த நாட்டின் பிரதமர். அந்த ஆவணங்களைத் திறக்கத் தேவை அவருடைய ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அவர் பதவியில் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியது மாணவர் மன்றங்களின் வேலை.

தமிழ் இயக்கங்களிடமும் கோயில் நிர்வாகங்களிடமும் நாங்கள் கேட்பது பணம் அல்ல. ஒவ்வொரு பழைய தோட்டத்துக் கோயிலுக்கும் ஆண்டுத் திருவிழாவில் கலைந்த குடும்பங்கள் இன்னும் திரும்பி வருகின்றன. புக்கிட் ரோத்தானிலும் ஜெராமிலும் ஈஜோக்கிலும் ரவாங்கிலும் அந்த ஒரு நாள், அன்னதானப் பந்திக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கைபேசி, இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் உட்காரட்டும். எண்பது வயதைத் தாண்டியவர்களை முதலில் அழைத்து உட்கார வையுங்கள். பெயர், தோட்டம், யார் சயாம் போனார்கள், யார் திரும்பவில்லை, அவசரகாலத்தில் லயம் எங்கே இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். வரும் திருவிழாவிலேயே தொடங்குங்கள்.